தூரத்தைச் சாட்டிப் போடும் இரண்டாவது ஸ்டென்ட்

மருத்துவக் கருத்தரங்குகளில் மருந்தாளர்களுக்குப் பின்வரிசைதான். தேத்தண்ணி மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கும். அப்படியொரு பின்வரிசையில் இருந்து அண்மையில் ஒரு பேச்சைக் கேட்டேன். பேசியவர் அனுபவமுள்ள இருதய நிபுணர், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். திரையில் ஒரு முடியுரு நாடி இரண்டாகப் பிரியும் இடம் தெரிந்தது. பிரியும் வாயின் இரண்டு பக்கமும் அடைப்பு. அடுத்த படத்தில் இரண்டு கிளைக்குள்ளும் ஸ்டென்ட். கறுப்பு மையால் புதிதாக வரைந்ததுபோல இரண்டும் நிறைந்து ஓடின. மண்டபத்தில் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. இளம் வைத்தியர் ஒருவர் எழுந்து, பிரதான கிளைக்கு மட்டும் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாமே சேர் என்று கேட்டார். "நீங்கள் சொல்வது லண்டனுக்குச் சரி," என்றார் நிபுணர். "என் நோயாளி வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறார். இன்னொரு தடவை வரமாட்டார். முதல் தடவையே எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிட வேண்டும்."

பலர் தலையாட்டினார்கள். நான் போயிருந்ததே அந்த வலப்பனைப் பக்கத்தில் இருந்துதான். அரச கிளினிக்கில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்று வேலைசெய்து ஓய்வு பெற்றவன். நிபுணரின் பதிலில் இருந்த அக்கறை உண்மையானது, கணக்குத்தான் பிழை. இந்தக் கணக்கை வெவ்வேறு வாய்களில் இருந்து பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். நோயாளி தூரத்தில் இருக்கிறார் என்பது இரண்டாவது ஸ்டென்ட் போடுவதற்குக் காரணமாக முடியாது. அதைப் போடுமுன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய முதல் காரணமே அதுதான்.

நாடி பிரியும் இடத்தில் ஏன் கொழுப்பு படிகிறது என்று தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கான் இரண்டாகப் பிரியும்போது நடுவில் நிற்கும் கூர்முனையில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடும். அங்கே மண் தங்காது. எதிர்க்கரைகளில் தண்ணீர் சோம்பிச் சுழலும், வண்டல் அங்கேதான் ஏறும். நாடியிலும் கூர்முனை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், கொழுப்பு எதிர்ச்சுவர்களில் படியும். ஸ்டென்ட் போடப்படும் அடைப்புகளில் 100க்கு 15 முதல் 20 வரை இப்படிப்பட்ட கவைகளில்தான் இருக்கின்றன. 1977இல் சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முடியுரு நாடிக்குள் முதல் பலூனை ஊதிய காலத்தில் இருந்தே கவை ஒரு தலையிடி. ஒரு கிளையை ஊதினால் மற்றதன் வாய் ஒடுங்கிவிடும். 1986இல் ஸ்டென்ட் வந்தும் தீரவில்லை. கம்பி வலை பக்கக் கிளையின் வாய்க்குக் குறுக்கே சிறைக்கதவு மாதிரி நின்றது.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, பிரதான கிளைக்கு மட்டும் ஸ்டென்ட் போடுவது. பக்கக் கிளைக்குள் ஒரு மெல்லிய கம்பியைக் காவலுக்கு விட்டுவைத்து, ஓட்டம் கெட்டால் மட்டும் பலூன், பலூனுக்கும் சரிவராவிட்டால் மட்டும் இரண்டாவது ஸ்டென்ட். வைத்தியர்கள் இதை ப்ரொவிஷனல் என்பார்கள். நான் 'பார்த்துச் செய்வது' என்று சொல்லிக்கொள்வேன். மற்றது, இறங்கும்போதே இரண்டு என்று முடிவுகட்டி இறங்குவது. இந்த 'முதலே இரண்டு' வழிக்குள் தையற்கடையில் இருப்பதுபோல எத்தனையோ வெட்டுகள்: டீ, டாப், கலோட், க்ரஷ், டீகே க்ரஷ். கலோட் என்றால் பிரெஞ்சில் காற்சட்டை. க்ரஷ் என்பது இத்தாலியின் அன்டோனியோ கொலம்போ 2003இல் எழுதிய முறை: பக்கக் கிளை ஸ்டென்டின் தலையைப் பிரதான கிளைக்குள் சற்று நீட்டிவிட்டு, அந்தத் தலையைச் சுவரோடு நசுக்கிவிடுவது. சீனாவின் நான்ஜிங்கில் ஷாவோ லியாங் சென் இதைத் திருத்தினார். இரண்டு கிளையிலும் இரண்டு பலூனைச் சேர்த்து ஊதுவதற்கு முத்தம் என்று பெயர். நசுக்கியவுடன் ஒரு முத்தம், கடைசியில் ஒரு முத்தம். ஆகவே டீகே க்ரஷ் என்றால் இரட்டை முத்த நசுக்கல். இருதயக்காரர்களுக்குள்ளும் சினிமாப் பாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் போலும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது பிரதான நாடி பிரியும் கவையில், இரண்டு கிளையும் உண்மையாகவே நோய்ப்பட்டிருந்தால், இரட்டை முத்த நசுக்கலை வெறும் வித்தை என்று தள்ள முடியாது. 482 பேரைக்கொண்டு நடந்த டீகே க்ரஷ் 5 ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குள் சிகிச்சை தோற்றவர்கள் பார்த்துச் செய்த பக்கத்தில் 100க்கு 10.7 பேர், இரட்டை முத்தப் பக்கத்தில் 5 பேர். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைவதும் இரட்டை முத்தத்தில் குறைவாகவே இருந்தது. 2020இல் வந்த டெஃபினிஷன் 2 ஆய்வு, சிக்கலான கவைகளை மட்டும் அளவுகோல் வைத்துத் தெரிந்தெடுத்து, 653 பேரில் அதே திசையில் முடிவு சொன்னது: 11.4க்கு 6.1. பக்கக் கிளை பெரிது, அடைப்பு நீளம், அதை இழந்தால் இருதயத் தசையில் பெரும்பங்கு போய்விடும் என்றால் இரண்டு போடட்டும். சண்டையில்லை.

அந்தச் சிறு கூட்டத்துக்கு வாங்கிய அனுமதிச்சீட்டை எல்லாக் கவைக்கும் நீட்டுவதுதான் சண்டை. 2018இல் ஐரோப்பிய வழிகாட்டி இடது பிரதான நாடியின் உண்மையான கவைக்கு இரட்டை முத்தத்தை விரும்பலாம் என்று தயக்கத்தோடு ஒரு வரி எழுதியது. மற்றப் பெரும்பாலான கவைகளுக்கு முதலில் பிரதான கிளைக்கு மட்டும் போடு என்பதையும் அதே வழிகாட்டிதான், மிக உறுதியான தரத்தில், எழுதியது. கருத்தரங்குத் திரைகளில் முதல் வரி பெரிய எழுத்தில் வரும். அடுத்ததைக் காட்ட நேரம் போதாமல் போய்விடும்.

முதலில் கண் செய்யும் மோசத்தைப் பார்ப்போம். பிரதான கிளைக்கு ஸ்டென்ட் போட்டவுடன் பக்கக் கிளையின் வாய் ஒடுங்கித் தெரியும். கூர்முனை கொஞ்சம் தள்ளுப்படுவதால் வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவமாகிறது. ஒருக்களித்த கதவைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதுபோலப் படத்தில் அது ஒரு கீறலாய் விழும். அந்தக் கீறலைக் கண்டதும் கை துறுதுறுக்கும். தென்கொரியாவில் பொன் க்வொன் கூவும் அவரது கூட்டாளிகளும் இப்படி ஒடுங்கித் தெரிந்த கிளைகளுக்குள் அழுத்தம் அளக்கும் கம்பியை விட்டுப் பார்த்து 2005இல் எழுதினார்கள். 75 வீதத்துக்குக் குறைவாக ஒடுங்கியவற்றில் ஒன்றில்கூட ஓட்டம் கெட்டிருக்கவில்லை. 75 வீதமும் அதற்கு மேலும் ஒடுங்கியதாகத் தெரிந்தவை 73. அவற்றில் உண்மையிலேயே ஓட்டம் கெட்டிருந்தவை 20 மட்டும். மீதி 53இல் பயந்தது பார்த்தவரின் கண்தான். இருதயத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

இருபது வருடம் கழிந்தும் அந்தக் கண்ணுக்காகத்தான் இரண்டாவது ஸ்டென்ட் விழுகிறது என்று நினைக்கிறேன். படம் அழகாக முடிய வேண்டும். வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் அந்தப் படத்தை ஒரு சீடியில் போட்டும் கொடுப்பார்கள். எங்கள் கிளினிக்குக்கு வரும்போது பலர் அந்த சீடியைக் கொப்பியோடு சேர்த்து ஷொப்பிங் பையில் கொண்டுவருவார்கள். அதைப் போட்டுப் பார்க்க லயத்தில் எவரிடமும் இயந்திரம் இல்லை. எங்கள் கிளினிக்கிலும் இருக்கவில்லை.

பழைய ஆய்வுகளைச் சொன்னால் இரண்டு ஸ்டென்ட்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஒருமுறை சொல்லத்தான் வேண்டும். 2006இல் 413 பேரில் நோர்டிக், 2010இல் 500 பேரில் பீபீசீ வன். முதலாவதில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு ஸ்டென்ட் போட்டவர்களுக்கு நேரமும் சாயமருந்தும் கதிர்வீச்சும் கூடச் செலவானதுதான் மிச்சம். அடுத்ததில் 9 மாதத்தில் மரணமோ மாரடைப்போ மறுசிகிச்சையோ கண்டவர்கள் எளிய வழியில் 100க்கு 8, சிக்கலான வழியில் 15.2. இரண்டு ஆய்விலும் இருந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து 5 வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, எளிய பக்கத்தில் இறந்தவர்கள் 3.8 வீதம், மற்றப் பக்கத்தில் 7. அது பழைய ஸ்டென்ட், பழைய நசுக்கல், இரட்டை முத்தம் வராத காலம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 2021க்கு வருவோம். ஈபீசீ மெயின் ஆய்வு: அதே இடது பிரதான நாடி, ஐரோப்பாவின் 11 நாடுகள், 467 பேர். பார்த்துச் செய்த பக்கத்தில் கேடு கண்டவர்கள் 14.7 வீதம், முதலே இரண்டு போட்ட பக்கத்தில் 17.7. புள்ளிவிபரக் கணக்கில் வித்தியாசம் இல்லை. அங்கே இரட்டை முத்தம் செய்தவர்கள் சொற்பம், பாதிக்குமேல் காற்சட்டைதான் தைத்தார்கள் என்று மறுபடியும் பதில் வரும். அதுவும் உண்மை. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. பார்த்துச் செய்யத் தொடங்கியவர்களில் கடைசியில் இரண்டாவது ஸ்டென்ட் தேவைப்பட்டது ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நான்ஜிங் குழுவின் டீகே க்ரஷ் 5 ஆய்வில் அதே பக்கத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாவது விழுந்தது. ஒரே நோய், ஒரே இடம், கைகள் வேறு. எந்தக் கை எப்போது நிறுத்துகிறது என்பதுதான் இந்த வாதத்தின் பெரும்பகுதி. நிறுத்தியவருக்குப் பிறகும் இரண்டாவதைப் போட வழி திறந்திருக்கும். நசுக்கியவருக்கு அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது.

இனித் தூரம். இரண்டு ஸ்டென்டின் ஆதாயம் என்று ஆய்வுகள் காட்டுவதில் ஒரு முக்கிய பங்கு எது? அதே இடத்தை மறுபடி திறக்கவேண்டி வராமை. 370 பேரைக்கொண்ட டீகே க்ரஷ் 2 ஆய்வில், 2011இல், மறுசிகிச்சை 13 வீதத்தில் இருந்து 4.3க்கு இறங்கியது, மரணத்திலும் மாரடைப்பிலும் அப்படி ஒரு சரிவு காணப்படவில்லை. அந்த ஆய்வில் 8 மாதத்தில் நோயாளிகளைக் கூப்பிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். நோவு இல்லாதவரையும் படத்துக்கு முன்னால் கிடத்தினால் ஒடுக்கம் கண்ணில் படும், கண்ணில் பட்டது கையை இழுக்கும், மறுசிகிச்சைக் கணக்கு ஏறும். வலப்பனையில் எவரும் 8 மாதத்தில் மறுபடம் எடுப்பதில்லை. எங்களுக்கு அந்த 13இல் எத்தனை பேர் உண்மையிலேயே திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, சிலர் திரும்பத்தான் வேண்டியிருக்கும். எப்படித் திரும்புவார்கள் என்பதுதான் என் கேள்வி. நாடி மறுபடி ஒடுங்குவது மெதுவான வேலை. மலைக்கு ஏறும்போது நெஞ்சு இறுகும்; கொழுந்துப் பையோடு முன்பு ஒரே மூச்சில் ஏறிய படிக்கட்டில் இரண்டு தடவை நிற்க வேண்டிவரும். அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்வார், வைத்தியர் கடிதம் எழுதுவார், ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறுவார். கஷ்டம்தான். ஆனால் பஸ்ஸில் போகக்கூடிய கஷ்டம். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைவது அப்படியல்ல. அது இரவு இரண்டு மணிக்கு வரும், வந்தால் அது பெரிய மாரடைப்பு. வலப்பனையில் இருந்து கண்டிக்குப் படியப்பெலல்ல, ரிக்கில்லகஸ்கட, ஹங்குரன்கெத்த என்று வளைந்து வளைந்து இறங்கிப் பிறகு ஏற வேண்டும். மற்றப் பக்கம் இராகலை, கந்தப்பளை வழியே நுவரெலியா. மழைக்காலத்தில் இந்தப் பாதைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்து உயிர்களை எடுத்ததை மறந்தவர்கள் இங்கே இல்லை. உறைவைக் கரைக்கும் ஊசி சிறிய வைத்தியசாலையிலும் கிடைக்கலாம். ஸ்டென்டுக்குள் உறைந்ததைத் திறப்பதற்குரிய இடம் கெத் லேப். அது மலையிறங்கினால்தான்.

ஆகவே தூரத்தில் இருப்பவருக்கு எந்தத் தோல்வி தாங்கக்கூடியது என்று கேட்க வேண்டும். ஒடுங்கி மெதுவாகத் தோற்பதா, உறைந்து ஒரே இரவில் தோற்பதா? ஒரு ஸ்டென்டும் உறையும், எனக்குத் தெரியும். ஒடுங்குவதும் சில வேளை மாரடைப்பாக வரும். ஆனாலும் கவையின் வாயில் இரண்டு மூன்று அடுக்கு உலோகத்தை மடித்து வைத்துவிட்டால், அந்த உலோகத்தின்மேல் தோல் மூடும்வரை நோயாளியைக் காப்பாற்றுவது இரண்டு குளிசைகள்தான்: அஸ்பிரின், குளோபிடோகிரெல். இரண்டு ஸ்டென்டோடு முடிந்த கவையை உறைவு அபாயம் கூடிய சிக்கலான சிகிச்சையாக எண்ணுவது இருதயக்காரர்களின் சொந்தப் பட்டியல்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் குளிசை தவறக்கூடாது என்று அவர்களே எழுதியும் இருக்கிறார்கள். அந்தக் குளிசை எப்படி வாய்க்குப் போய்ச் சேருகிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

கிளினிக் நாளில் விடியுமுன் தோட்டத்தில் இருந்து கிளம்ப வேண்டும். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் இலக்கம் பின்னுக்குப் போகும். கொப்பியைக் கொடுத்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைப் பார்த்து, என் யன்னலுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது போனதுதான், அரைப்பேரும் கிடையாது. ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபாய் என்பதே 2021இல்தான், எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு கைக்கு வந்தது. மாதா மாதம் ஒரு பேரை இழந்து வருகிறவர்கள் அந்தக் குளிசையை அலட்சியம் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலானோர் ஒழுங்காக வருவார்கள். ஆனால் மருந்து தவறுவதற்கு எத்தனை வாசல்! மருந்தறையில் குளோபிடோகிரெல் முடிந்திருக்கும். வெளியே வாங்கு என்று ஒரு துண்டு எழுதிக் கொடுப்போம். அந்தத் துண்டு சட்டைப்பைக்குள்ளேயே கிழிந்துவிடும். பல் பிடுங்கப் போனவரிடம் இரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்தை நிறுத்து என்று சொல்லியிருப்பார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வயிறு எரிகிறது என்று தானாக நிறுத்தியவர் இருப்பார். இரண்டும் ஒரே வேலைக்குத்தானே என்று ஒன்றை இன்று, மற்றதை நாளை என்று மாற்றி மாற்றி விழுங்கிய ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். சிக்கனமாக இருக்கட்டும் தம்பி என்றார்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லாததால் பஸ் இல்லை. பஸ் ஏறி வந்தவருக்கு மருந்து இல்லை. 2020இல் ஊரடங்கின்போது கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பிச் சமாளித்த இதே நாட்டில்தான், இரண்டு வருடத்தில், அனுப்புவதற்கே மருந்து இல்லாமல் போனது. அந்த வருடத்தில்தான் ஓய்வுபெற்ற ஒரு கங்காணி என் யன்னலுக்கு வந்தார். கொழும்பில் ஒரு வைத்தியசாலையில், எது என்பது இங்கே வேண்டாம், சில மாதத்துக்கு முன் கவையில் இரண்டு ஸ்டென்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள். டயக்னோசிஸ் கார்ட் முழுவதும் ஆங்கிலம். அவர் பேசுவது தமிழ். வார்டில் அவரோடு பேசியது சிங்களம். அவரோடு வீட்டுக்கு வந்தது ஆங்கிலம். இரண்டு குளிசையும் ஒரு வருடத்துக்குத் தவறக்கூடாது என்ற வரி கார்டின் அடியில், இரத்த அளவுகளுக்கும் கையொப்பத்துக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. குளோபிடோகிரெல் இரண்டு கிழமையாக இல்லை என்றார். கடையில் கேட்டீர்களா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதுதானே, அது போதும் என்று நினைத்தேன் என்றார்.

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த ஒரு ஃபார்மஸியில் சொல்லிப் பத்து நாளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தோம், பிறகு கிளினிக்குக்கும் வந்தது. இன்றும் நடமாடுகிறார். ஆகவே இந்தக் கதையால் நான் எதையும் நிரூபிக்க முடியாது. ஒன்றை மட்டும் கேட்கலாம்: அந்த இரண்டாவது ஸ்டென்ட் அவருக்கு வேண்டியிருந்ததா? கார்டில் கவையின் இலக்கம் எழுதியிருந்தது. ஸ்பெயினின் அல்ஃபொன்சோ மெதீனா 2006இல் சொல்லித்தந்த மூன்று இலக்க முறை அது: கவைக்கு முன், கவைக்குப் பின், பக்கக் கிளை; நோய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அவருடையதில் கடைசி இலக்கம் 0. பக்கக் கிளையில் நோயே இல்லை. பிரதான கிளைக்குப் போட்டதும் வாய் ஒடுங்கித் தெரிந்திருக்கும், கை நிற்கவில்லை. அழுத்தம் அளந்ததாக எதுவும் கார்டில் இல்லை. 'நோயாளி தொலைவில் இருந்து வருபவர்' என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தது.

இரட்டை முத்தத்தில் உறைவு குறைவு என்று நீங்களே எழுதினீர்களே என்று கேட்பீர்கள். எழுதினேன். யாருடைய கையில் என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆய்வுகளில் நசுக்கியவர்கள் வருடம் முழுக்க இதையே செய்கிறவர்கள். நசுக்கிய உலோகத்துக்குள்ளே மறுபடி கம்பியை நுழைத்து, சரியான கண்ணறை வழியே எடுத்து, கடைசி முத்தம் வரை தவறாமல் முடிக்க வேண்டும். அந்தக் கடைசி முத்தம் தவறினால் நசுக்கல் மோசமான வேலை என்பதை நுட்பத்தை எழுதிய கொலம்போவின் குழுவே காட்டியது. ஆய்வில் சேர்ந்த நோயாளியை ஒருவர் தேடிக் கூப்பிடுவார், குளிசை போட்டாயா என்று கேட்பார். ஆய்வின் 5 வீதத்தை வாங்கிவந்து ஒப்புவிக்கிறவர்கள் அந்தக் கூப்பிடுகிறவரை வாங்கி வருவதில்லை. நான் ஒரு பக்கம் சாய்வது எனக்கே தெரிகிறது. ஒரு யன்னலுக்குள்ளே முப்பது வருடம் நின்றவன் அந்த யன்னல் தெரியும் பக்கம்தான் சாய்வான்.

செலவழிக்கக் காசும் ஆசையும் இருந்தால் செலவழிக்க வேறு இடம் உண்டு. ஒக்டோபர் என்ற ஆய்வு 2023இல் 1,201 பேரில், கவையில் ஸ்டென்ட் போடும்போது நாடிக்குள் ஒளிக் கமெரா விட்டுப் பார்த்துச் செய்வதையும் வெளிப்படத்தை மட்டும் நம்பிச் செய்வதையும் ஒப்பிட்டது. 2 வருடத்தில் கேடு கண்டவர்கள் 10.1க்கு 14.1. ஒன்றா இரண்டா என்று அடிபடுவதைவிட, போட்ட ஒன்று சுவரோடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது கூடுதலாக உதவுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரட்டை முத்தத்தை உலகுக்குக் கொடுத்த அதே நான்ஜிங் குழு 2024இல் வேறு ஒரு முடிவோடு வந்தது. எளிய கவையில் பிரதான கிளைக்கு மட்டும் ஸ்டென்ட் போட்டு, பக்கக் கிளை வாயை மருந்து பூசிய பலூனால் ஊதினால், சாதாரண பலூனைவிட நல்லது. 784 பேரில் 12.5க்கு 7.2. அங்கே இரண்டாவது உலோகமே இல்லை. இரட்டை முத்தத்தின் கொடியைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்பவர்களுக்கு, கொடியைத் தைத்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துவிட்ட செய்தி இன்னும் வரவில்லைப் போலும்.

கருத்தரங்கில் கேள்வி கேட்ட இளம் வைத்தியர் இதை வாசித்தால், அவருக்கும் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் என்னுடைய விண்ணப்பம் இரண்டே. வலப்பனைக்காரர் என்று கார்டில் கண்டதும் இரண்டாவது ஸ்டென்டை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். பக்கக் கிளைக்குள் அழுத்தம் அளக்கும் கம்பி இருந்தால் அதை நீட்டுங்கள், இல்லாவிட்டால் கையைச் சும்மா வையுங்கள். இடது பிரதான நாடி, நீண்ட அடைப்பு, பெரிய கிளை என்று உண்மையாகவே இரண்டு போடவேண்டி வந்தால், கார்டின் பின்பக்கத்தைத் திருப்பித் தமிழில் எழுதிக் கொடுங்கள்: இந்த இரண்டு குளிசையையும் இன்ன திகதி வரை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம், மருந்து இல்லை என்று சொன்னாலும், பல் பிடுங்கச் சொன்னாலும், முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். கீழே யாராவது எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம்.